மின்னலுக்கு ஹாரன் அடித்த ஞாயிற்றுக்கிழமைகள்

ஓடிக்கொண்டிருக்கும் கால்பந்து ஆட்டத்தை நிறுத்தக்கூடியவர்கள் இரண்டே பேர்: ஒருவர் நடுவர், இன்னொருவன் நான், நடுவரையாவது ஜெயித்த அணிக்குப் பிடிக்கும்.

வார நாள்களில் எனக்கு சாங்கி விமான நிலையத்தில் வேலை, விமானச் சரக்கு இறக்கும் பிரிவில் மேற்பார்வையாளன். மின்னல் எச்சரிக்கை வந்தால் அங்கே பெட்டிகளைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு எல்லோரும் உள்ளே ஓடவேண்டும். ஓட வைப்பது என் பொறுப்பு. இந்தப் பழக்கம் எனக்கு இருப்பதைத் தெரிந்துகொண்ட ஒரு நண்பர், தேசிய நாக்அவுட் கோப்பை ஆட்டங்களுக்கு மின்னல் பார்க்கும் ஆளாக என்னைப் பிடித்துப் போட்டுவிட்டார். ஞாயிறு மாலை நாலரை மணிக்கு ஆட்டம். ஒரு கையில் ஃபோன், மறு கையில் காற்றடைத்த ஹாரன். ஃபோனில் இருக்கும் மின்னல் எச்சரிக்கைச் செயலியில் சிவப்பு வந்தால் ஒரு நீள ஹாரன், எல்லோரும் உள்ளே. பச்சை வந்தால் மூன்று குட்டி ஹாரன், ஆட்டம் தொடரும்.

பரீட்சை முடிந்ததும் தாளைப் பிடுங்குகிறவர்கள், பேருந்தில் "இடமில்லை, அடுத்ததில் வாங்க" என்று சொல்கிறவர்கள், கல்யாண மண்டபத்தில் விளக்கை அணைக்கிறவர்கள், இப்படி யாராவது இதைப் படித்துக்கொண்டிருந்தால் கொஞ்சம் தள்ளி உட்காருங்கள், நானும் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன்.

நீல வானம்

முதல் சுற்று ஆட்டம் ஆங் மோ கியோ திடலில். வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. இருபதாவது நிமிடத்தில் ஃபோன் சிவந்தது. மின்னல் நம் தலைக்கு மேல்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பக்கத்துப் பேட்டையில் இருக்கும் மேகம் அங்கிருந்தே இங்கே மின்னலை இறக்கிவிடும். இதை நான் வாழ்நாளில் எத்தனை பேருக்கு விளக்கியிருக்கிறேனோ, ஒருவர்கூட நம்பியதில்லை.

ஹாரனை அமுக்கினேன். நடுவர் ஹஃபீஸ் விசில் ஊதினார். வீரர்கள் வானத்தைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். பார்வையாளர்கள் என்று பார்த்தால் அறுபது பேர் இருப்பார்கள், அறுபது பேரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். முன்வரிசையில் பிளாஸ்டிக் பையில் கட்டி வாங்கிய கோப்பியைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒருவர், எல்லா ஆட்டங்களுக்கும் வரும் மனிதர், பேர் குணா, எழுந்து நின்று கத்தினார்:

"மேல பாருங்க லா அங்கிள், துணி காயப்போடலாம் போல இருக்கு!"

புதன்கிழமை மட்டும் வேணாம்

இரண்டாம் சுற்றில்தான் 'சண்டே லெவன்' அணியைப் பார்த்தேன். கப்பல் பட்டறையிலும் கட்டுமானத் தளங்களிலும் வேலை செய்யும் தமிழ்நாட்டுப் பிள்ளைகள். ஞாயிறு ஒருநாள்தான் லீவு, அதனால் அந்தப் பெயர். தகுதிச் சுற்றில் எப்படியோ நுழைந்து, முதல் சுற்றில் ஒரு வசதியான கிளப்பைத் தோற்கடித்துவிட்டு வந்திருந்தார்கள். கேப்டன் செல்வம், புதுக்கோட்டைப் பக்கம். கட்டுமானத் தளத்தில் கிரேனுக்குச் சைகை காட்டும் வேலை அவருக்கு. மேலே உட்கார்ந்திருக்கும் ஓட்டுநருக்குக் கீழே எதுவும் தெரியாது. செல்வத்தின் கை சொல்வதைப் பார்த்துத்தான் பல டன் இரும்பைத் தூக்குவார், இறக்குவார்.

ஆட்டம் தொடங்குமுன் செல்வம் என்னிடம் வந்து விதிமுறைகளைக் கேட்டார். வேறு எந்த கேப்டனும் என்னிடம் வந்ததில்லை. சொன்னேன்: மின்னலுக்காகக் காத்திருக்கும் நேரம் மொத்தம் ஒரு மணியைத் தாண்டினால் ஆட்டம் ரத்து. எத்தனை கோல் போட்டிருந்தாலும் கணக்கில்லை. அடுத்து வரும் புதன்கிழமை முதலிலிருந்து ஆடவேண்டும்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. புதன்கிழமை அந்தப் பதினொரு பேரும் பதினொரு இடத்தில் வேலையில் இருப்பார்கள். வருடக் கடைசியில் அவருக்கு வேலை பெர்மிட் முடிகிறது, ஊருக்குத் திரும்புகிறார். அதற்குள் இறுதி ஆட்டத்தில் ஒரு தடவை ஆடிவிட வேண்டும் என்பது ஆசை. இறுதி ஆட்டம் பெரிய அரங்கில், மேலே கூரையை மூடிவிடுவார்கள், அங்கே என்னைப் போன்றவனுக்கு வேலையே கிடையாது. செல்வம் வானத்தை ஒரு சுற்று பார்த்துவிட்டுச் சொன்னார்:

"மழை எவ்வளவு வேணாலும் வரட்டும்ணே, புதன்கிழமை மட்டும் வரக் கூடாது."

காவல்

அந்த ஆட்டத்திலேயே மின்னல் வந்தது. ஹாரன் அடித்தேன், இரண்டு அணியும் ஓடி உள்ளே வந்துவிட்டது. எண்ணிப் பார்த்தால் ஒரு ஆள் குறைகிறது. கொட்டுகிற மழையில், தூரத்து கோல் கம்பங்களுக்கு நடுவில், கைகளை விரித்தபடி நிற்கிறான் சண்டே லெவன் கோல்கீப்பர் முத்து. எதிரில் பந்தும் இல்லை, ஆளும் இல்லை.

ஹாரனை மறுபடி மறுபடி அமுக்கினேன், தொண்டை கிழியக் கத்தினேன். அசையவில்லை. கடைசியில் செல்வம் மழையில் ஓடிப்போய் அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். "ஹாரன் கேட்கலையா தம்பி?" என்று பாய்ந்தேன். கேட்டதாம். அவனுக்குக் கப்பல் பட்டறையில் தீக்காவல் வேலை. வெல்டிங் நடக்கும் இடத்தில் தண்ணீர்க் குழாயோடு நிற்க வேண்டும். மாற்று ஆள் வராமல் ஒரு அடி நகர்ந்தாலும் வேலை போய்விடும். தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, ரொம்ப மரியாதையாகச் சொன்னான்:

"மாத்த ஆள் வரலையேண்ணே, எப்படி எடத்த விட்டுட்டு வர்றது?"

முப்பத்தெட்டு நிமிடம்

காத்திருப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. ஆடும் நேரத்தைவிட, காத்திருக்கும் நேரம்தான் மனிதர்களின் குணத்தைக் கெடுக்கிறது. மூன்றாம் சுற்றில் இரண்டு அணிகளும் படிக்கட்டுக்கு அடியில் இருக்கும் ஒரே அறையில் முப்பத்தெட்டு நிமிடம் அடைந்து கிடந்தோம். முதல் பத்து நிமிடம் முறைத்துக்கொண்டார்கள். அடுத்த பத்து நிமிடத்தில் எதிரணிப் பையன்கள் தங்கள் சாப்பாட்டுப் பொட்டலங்களை நீட்டினார்கள், சண்டே லெவன் அதை மறுக்கவில்லை. அதற்குப் பிறகு இரண்டு அணிக்கும் பொது எதிரி ஒருவன் கிடைத்துவிட்டான்.

"இன்னும் எவ்வளவு நேரம் அங்கிள்?" என்று ஒருவன் கேட்டான். தெரியாது என்றேன். ஒரு நிமிடம் கழித்து அடுத்தவன். நான் உட்காரவும் முடியாமல், நிற்கவும் முடியாமல் கதவுக்கும் சுவருக்கும் நடந்துகொண்டிருந்தேன். ஃபோனைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததில் பாட்டரி பாதியாகிவிட்டது. ஹஃபீஸ் மட்டும் மூலையில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். இருபது வருடமாக நடுவர், திட்டு வாங்கி வாங்கி உரம் ஏறிய மனிதர். "நீங்க எப்படிச் சும்மா உட்கார்ந்திருக்கீங்க?" என்று கேட்டேன். கண்ணைத் திறக்காமல், பொறுமை என்பதற்கான மலாய்ச் சொல்லோடு பதில் வந்தது:

"சபார் லா பிரதர், மின்னலுக்கு நம்ம ரெண்டு பேரையும் தெரியாது."

இறங்கிய கை

இதை எழுதத்தான் இவ்வளவு தூரம் சுற்றிக்கொண்டு வந்தேன்.

காலிறுதி. ஒன்றுக்கு ஒன்று. ஏற்கெனவே நாற்பத்தைந்து நிமிடம் மின்னலுக்குப் போய்விட்டது. காத்திருக்க மிச்சம் பதினைந்து நிமிடம்தான். தொண்ணூறு நிமிடம் முடிந்து கூடுதல் நேரமும் முடியும் தறுவாயில் சண்டே லெவனுக்கு பெனால்டி. இதுதான் கடைசி உதை என்று ஹஃபீஸ் சைகை காட்டிவிட்டார். செல்வம் பந்தை வைத்தார். அந்த நேரம் பார்த்து என் கையில் ஃபோன் சிவந்தது.

ஹாரனைத் தூக்கினேன். உண்மையாகவே தூக்கினேன். இப்போது அடித்தால், பதினைந்து நிமிடத்தில் இந்த மேகம் கலையாது, நிச்சயம் புதன்கிழமைதான். ஒரே ஒரு உதை, சில நொடிகள். கை தானாகக் கீழே இறங்கியது. செல்வம் ஓடி வந்து உதைத்தார், கோல். முடிவு விசில் ஊதியாயிற்று. அதற்குப் பிறகுதான் நான் ஹாரன் அடித்தேன், ஏதோ அப்போதுதான் சிவப்பு வந்தது மாதிரி. எல்லோரும் கட்டிப்பிடித்துக் கத்திக்கொண்டே உள்ளே ஓடினார்கள். மூன்று நிமிடம் கழித்து, கோல் போட்டதும் அவர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து புரண்ட அதே இடத்துக்குப் பின்னால் இருந்த விளக்குக் கம்பத்தில் மின்னல் இறங்கியது. காது அடைத்துப் போயிற்று. கூரைக்கு அடியில் யாரோ கைதட்டினார்கள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு ஆட்டம் இல்லை. லிட்டில் இந்தியாவில் காய்கறி வாங்கப் போனபோது பஃபலோ ரோட்டில் செல்வம் எதிரே வந்தார். கூட்டத்தில் தோளோடு தோள் உரச, ஒரு கடை ஓரமாக நின்று டீ குடித்தோம். அரையிறுதி பற்றி ஏதோ பேச ஆரம்பித்தேன். அவர் குறுக்கே வந்து, "நீங்க ஹாரனைத் தூக்கிட்டு எறக்கினீங்கண்ணே, நான் பார்த்தேன்" என்றார். நாள் முழுக்கக் கைகளோடு வேலை செய்கிறவர், அவர் கண்ணுக்குத் தப்புமா? "பார்த்துட்டும் நான்தான் உதைச்சேன். மத்த பத்துப் பேரும் வெட்டவெளியில நிக்கிறானுங்க. எங்க சைட்ல தூக்கின கை பாதியில நின்னா கீழ ஆள் செத்துருவான்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் தாங்கவில்லை. மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று தோன்றியது, டீக்குக் காசு மட்டும் கொடுத்தேன். கோப்பையை வைத்துவிட்டுப் போகும்போது சொன்னார்:

"அடுத்த தடவ கைய எறக்காதீங்கண்ணே, நானும் உங்க பக்கம் பார்க்க மாட்டேன்."

வீட்டில்

அதற்குப் பிறகு இரண்டு வாரம் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பொங்கோலில் பன்னிரண்டாவது மாடியில் எங்கள் வீடு. காலையில் எழுந்ததும் ஜன்னல், சாப்பிடும்போது ஜன்னல், பல் துலக்கும்போதும் ஜன்னல். பக்கத்து வீட்டு அம்மா தாழ்வாரத்தில் என்னைப் பார்த்தால் "துணியை எடுக்கவா வேணாமா?" என்று கேட்பார், நானும் ஃபோனைப் பார்த்துப் பதில் சொல்வேன். மாடியே என்னை நம்பித் துணி காயப்போட ஆரம்பித்துவிட்டது.

அரையிறுதியன்று காலை, வீட்டுக்கும் லிஃப்டுக்கும் நடுவில் எத்தனை தடவை நடந்தேன் என்று தெரியாது. சாப்பிடக் கூப்பிட்ட என் மனைவி கலா, கதவில் சாய்ந்து நின்று கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"ஊரையெல்லாம் நிறுத்துறீங்களே, உங்கள நிறுத்த யாராச்சும் ஒரு ஹாரன் அடிச்சா தேவல!"

எண்பத்தேழாவது நிமிடம்

அரையிறுதியில் முதல் எண்பது நிமிடம் நான் வேண்டியபடியே போயிற்று. மேகம் இருந்தது, மின்னல் இல்லை. சண்டே லெவன் இரண்டு, எதிரணி ஒன்று. குணா கோப்பிப் பையைக்கூட மறந்துவிட்டு நின்றுகொண்டே பார்த்தார். இந்த ஆட்டத்தில் அதுவரை ஒரு நிமிடம்கூடக் காத்திருக்கவில்லை, ஒரு மணி நேரம் முழுசாகக் கையில் இருக்கிறது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

எண்பத்தேழாவது நிமிடத்தில் சிவப்பு. பந்து மூலைக் கொடிப் பக்கம், செல்வத்தின் காலில். அவர் நேரத்தைக் கரைத்துக்கொண்டிருந்தார். நான் ஹாரனைத் தூக்கினேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை. சொன்னபடியே பந்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றே நிமிடம்தானே, நாசமாய்ப் போக, மூன்று நிமிடம் பொறுக்கக் கூடாதா என்று உள்ளே ஒன்று கெஞ்சியது. அமுக்கினேன். நீளமாக, விரல் வலிக்கும்வரை அமுக்கினேன்.

பந்தை அங்கேயே விட்டுவிட்டு முதலில் திரும்பி ஓடியவர் செல்வம்தான். ஒவ்வொருவனையும் பெயர் சொல்லி விரட்டினார். கோல் கம்பத்தில் நின்ற முத்துவிடம் போய், "மாத்த ஆள் வந்தாச்சுடா, கெளம்பு" என்று தள்ளிக்கொண்டு வந்தார். எதிரணிப் பயிற்சியாளர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். அவருக்குச் சந்தோஷம் இருக்காதா பின்னே!

பிறகு காத்திருந்தோம். அரை மணி. முக்கால் மணி. மழை கொட்டி, நின்றது. ஃபோன் சிவப்பிலேயே நின்றது. செல்வம் அறையின் மூலையில் பூட்ஸ் கயிற்றை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தார். அறுபதாவது நிமிடம் ஹஃபீஸ் கடிகாரத்தை என்னிடம் காட்டினார், நான் ஃபோனை அவரிடம் காட்டினேன். அவர் வெளியே போய் ஆட்டம் ரத்து என்று அறிவித்தார். சரியாக நான்கு நிமிடம் கழித்துப் பச்சை வந்தது. வெயில்கூட வந்தது. பழக்கத்தில் மூன்று குட்டி ஹாரன் அடித்துவிட்டேன், யாருமில்லாத திடலைப் பார்த்து. படியிறங்கி வந்த குணா என் முகத்துக்கு நேரே நின்றார். இந்த முறை கத்தவில்லை:

"ஒரு மூணு நிமிஷம் மறைக்கக்கூடத் தெரியாதா லா உங்களுக்கு?"

புதன்கிழமை

நானும் சாங்கியில் அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்தேன். சண்டே லெவன் சார்பில் வந்தவர்கள் எட்டுப் பேர். இரண்டு பேர் மேலாளரிடம் கெஞ்சி அனுமதி வாங்கி வந்திருந்தார்கள், முத்துவுக்கு மட்டும் மாற்று ஆள் கிடைத்திருந்தது. ஏழு பேர் இருந்தால் ஆட்டத்தைத் தொடங்கலாம் என்பது விதி. தொடங்கினார்கள். செல்வம் இல்லை. அன்று மதியம் அவருடைய தளத்தில் கிரேனில் பெரிய பாரம் தூக்கும் வேலை ஒன்று இருந்ததாம். அது முடியும்வரை கேப்டனாவது கோப்பையாவது.

பாதி ஆட்டத்தில் மூன்று கோல் வாங்கிவிட்டார்கள். வடக்கே வானம் கறுத்து வந்தது. என் தொழிலில் நினைக்கக் கூடாத ஒன்றை அன்று நினைத்தேன். வா, வந்து தொலை, ஒரு மணி நேரம் இங்கேயே நில், இந்த ஆட்டத்தையும் ரத்து செய்துவிட்டுப் போ என்று மேகத்திடம் கெஞ்சினேன். ஃபோனை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றேன். பருவம் முழுக்க வேண்டாத நேரத்தில் எல்லாம் சிவந்த அந்தச் சனியன், அன்று ஒரு தடவைகூடச் சிவக்கவில்லை. மேகம் அப்படியே ஒதுங்கிப் போய் எங்கோ கடலில் கொட்டியது.

எழுபதாவது நிமிடத்தில் வாசலில் ஒரு லாரி நின்றது. செல்வம் இறங்கி ஓடி வந்தார், முழுக்கைச் சட்டை, முழங்கால்வரை சிமெண்ட் தூசி. படிக்கட்டிலேயே உட்கார்ந்து சட்டையை மாற்றி, பூட்ஸ் கட்டி, உள்ளே போனார். இருபது நிமிடம் அவர் ஒருவரே மூன்று ஆளாக ஓடினார். நாலுக்குப் பூஜ்யம். விசில் ஊதியதும் எதிரணிப் பையன்கள் ஆர்ப்பாட்டம் எதுவும் செய்யாமல் வந்து ஒவ்வொருவருக்கும் கை கொடுத்தார்கள்.

நான் ஹாரனைப் பையில் போட்டு, மூட முடியாமல் ஜிப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். செல்வம் என் பக்கம் வந்தார். "உங்க கடைசி ஆட்டத்தை நான்தான் கெடுத்துட்டேன்" என்றேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, வெட்கமாக இருந்தது. அவர் பையை என் கையிலிருந்து வாங்கி, ஜிப்பை ஒரே இழுப்பில் மூடி, திருப்பிக் கொடுத்தார். பிறகு தன் வலது கையை, கிரேனுக்குக் காட்டுவதுபோல, நேராக மேலே தூக்கிக் காட்டினார்:

"அன்னைக்கி கைய எறக்கலையேண்ணே, எங்க சைட்ல நீங்க சிக்னல் குடுத்தா, கீழ நான் தைரியமா நிப்பேன்."

கூரை மூடிய அரங்கில் இறுதி ஆட்டம் நடந்த அன்று நான் வீட்டு ஜன்னலோரம் நின்று பார்த்தேன், வானத்தில் ஒரு மின்னல்கூட இல்லை, பக்கத்து வீட்டுத் துணியெல்லாம் அருமையாகக் காய்ந்தது.